படத்துக்கு வீட்டுப் பேச்சு, எழுத்துக்குப் புத்தகப் பேச்சு: சிறு பிள்ளைகளோடு படப் புத்தகம் வாசிக்கும் முறை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வளரும் மூன்று வயதுக் குழந்தை வாவிக் கரையில் கொக்கைக் கண்டால் ‘கொக்கு நிக்கிது’ என்று சொல்லும். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழந்தை தரம் 1 இல் அமர்ந்து ‘கொக்கு நிற்கிறது’ என்று வாசிக்க வேண்டியிருக்கும். எழுத்துகளை அறிந்துகொள்வது ஒரு வேலை. வீட்டில் காதில் விழாத ஒரு தமிழை அந்த எழுத்துகளுக்குள் கண்டுகொள்வது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே காலத்தில் தலையில் ஏறுவதால்தான், எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைகூட ஒரு முழு வரியை வாசிக்கச் சொன்னால் திணறுகிறது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சு வழக்குகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்பு வழக்கே என்று கருதினார். அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனாலும் ‘மறுகா’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்குப் ‘பிறகு’ என்ற சொல் பெரும்பாலும் புத்தகத்தில்தான் அறிமுகமாகிறது.

பாடசாலைக்குப் போகும் முன்பே அந்த இரண்டாவது வேலையில் பெரும்பகுதியை முடித்துவைக்கப் படப் புத்தகத்தால் முடியும். படம் இருப்பதால் சொல் தெரியாவிட்டாலும் பொருள் தெரிகிறது; பொருள் தெரிந்திருப்பதால் புதிய சொல்லைக் கண்டு பிள்ளை மிரளுவதில்லை. கீழே நான் சொல்லும் முறைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதி இருக்கிறது: படத்தைப் பற்றி வீட்டுப் பேச்சில் பேசுங்கள், எழுத்தை அச்சில் உள்ளபடியே, ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசியுங்கள். பிள்ளைக்கு விளங்காது என்று எண்ணி ‘நிற்கிறது’ என்பதை ‘நிக்கிது’ என்று மாற்றி வாசிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அன்போடு செய்கிற காரியம்தான். ஆனால் காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வெவ்வேறாகிவிடுவதால், பின்னர் சொல்லைத் தொட்டுக் காட்டி வாசிக்கும் நிலை வரும்போது அந்த அன்பே பிள்ளையைக் குழப்பிவிடும்.

புத்தகத்தைத் தேர்வது

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், நடுப் பக்கம் ஒன்றைத் திறந்து, எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். அந்தப் பக்கத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தால் புத்தகத்தை வாங்கலாம். சிரிக்கும் சூரியனும் இரண்டு பூவும் ஒரு வீடும் மாத்திரம் இருந்தால் அந்தப் படம் அலங்காரம். அதைக் கொண்டு பிள்ளை எந்தச் சொல்லின் பொருளையும் பிடிக்க முடியாது.

பிறகு வரிகளின் வலது ஓரத்தைப் பாருங்கள். இதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. தமிழ் அச்சில் வரி முடிவில் இடம் போதாமல் ஒரு சொல் உடையும்போது இணைப்புக்கோடு இடுவதில்லை. ‘பறந்’ என்பது ஒரு வரியின் கடைசியிலும் ‘து’ என்பது அடுத்த வரியின் முதலிலும் நிற்கும். பெரியவர்களின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பிள்ளைக்கோ ‘பறந்’ என்பது விளங்காத ஒரு சொல், ‘து’ என்பது எங்கிருந்தோ வந்து நிற்கும் ஓர் எழுத்து. ஆகவே சொற்களை உடைக்காமல், ஒரு வாக்கியத்தை ஒரு வரியிலோ இரண்டு வரியிலோ அடக்கியிருக்கும் புத்தகமே வேண்டும். ‘போய்க்கொண்டிருந்தது’ போன்ற நீண்ட வினைகள் பக்கத்துக்குப் பக்கம் வருமானால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசிக்கப் பிள்ளை கேட்கலாம். பிள்ளை தானாக வாசிக்க அது ஆகாது. வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களைப் பற்றியும் ஒரு சொல்: அவற்றில் ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு அச்சாகியிருக்கும். தமிழ்நாட்டில் 1978 இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம் அது. அவற்றை வாசித்துக் காட்டுங்கள், ஆனால் எழுத்துப் பழகும் கையில் கொடுக்க வேண்டாம்.

நமக்குக் கிடைக்கும் தமிழ்ப் படப் புத்தகங்களில் கணிசமானவை இந்தியாவில் அச்சானவை. அவற்றில் கதிரை நாற்காலியாக இருக்கும், சவர்க்காரம் சோப்பாக இருக்கும், யன்னல் ஜன்னலாக இருக்கும். வெள்ளைத் தாடிக் கிழவரின் படத்துக்குக் கீழே ‘தாத்தா’ என்று இருந்தால் காத்தான்குடிப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கக்கூடும். ஏனென்றால் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தாத்தா என்பது மூத்த சகோதரியை அழைக்கும் சொல். இதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை, பேனையால் வெட்டித் திருத்தவும் வேண்டியதில்லை. அச்சில் உள்ளபடி ‘தாத்தா’ என்றே வாசித்துவிட்டு, ‘வாப்பாட வாப்பாவ அங்க தாத்தா எண்டு கூப்பிடுவாங்க’ என்று சொன்னால் போதும். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருக்க முடியும் என்பதைப் பிள்ளை இவ்வாறுதான் அறிகிறது, அதுவும் சிரித்துக்கொண்டே அறிகிறது.

‘அ – அம்மா, ஆ – ஆடு’ என்று அடுக்கிய எழுத்துப் புத்தகங்களை நான் படப் புத்தகமாகக் கணக்கில் எடுப்பதில்லை. அவற்றில் கதை இல்லை, ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போக எந்த ஆவலும் இல்லை. ஆய்தத்துக்கு உதாரணம் வேண்டும் என்பதற்காகவே பல தலைமுறைகளாக நம் பிள்ளைகள் ‘எஃகு’ என்ற சொல்லை மனப்பாடம் செய்துவருகிறார்கள்; எந்த ஐந்து வயதுப் பிள்ளையும் எஃகு வேண்டும் என்று கேட்டதை நான் கண்டதில்லை.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தடித்த மட்டைப் புத்தகமும், பக்கத்துக்கு ஒரு பொருளும் போதும். மூன்று வயதில் பக்கத்துக்கு ஒரு வரி, அந்த வரியில் ஒரு பகுதி திரும்பத் திரும்ப வருவது நல்லது. நான்கு, ஐந்து வயதில் மூன்று அல்லது நான்கு வரிகளைத் தாங்குவார்கள்.

ஒரு பக்கத்தை வாசிப்பது

பிள்ளையை எதிரே இருத்தாமல் மடியிலோ பக்கத்திலோ இருத்திக்கொள்ளுங்கள்; புத்தகம் இருவருக்கும் ஒரே திசையில் தெரிய வேண்டும். பத்து நிமிடம் போதும். அந்த நேரத்தில் தொலைக்காட்சி நின்றிருக்க வேண்டும். கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்க வேண்டும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் கண்டல் மரத்தின் வேரருகே ஒரு கொக்கு, தண்ணீருக்கு மேலே ஒரு சின்ன மீன். கீழே, ‘கொக்கு கரையில் நிற்கிறது. சின்ன மீன் துள்ளுகிறது.’ உடனே வாசித்துவிடாமல் சற்றுப் பேசாதிருங்கள். பிள்ளை விரலை வைத்து ‘மீன்!’ என்னும். ‘ஓம், மீன். என்ன செய்யிது அது?’ ‘பாயிது.’ ‘ஓம் மனே, சின்ன மீன் துள்ளிப் பாயிது.’ ‘துள்ளிப் பாயிது!’ ‘ஓம். கொக்கு கண்டிட்டா?’ பிள்ளை கொக்கின் கண்ணை உற்றுப் பார்க்கும். இப்போது குரலைச் சற்று மாற்றி, அச்சில் உள்ள இரண்டு வாக்கியங்களையும் நிதானமாக வாசியுங்கள். ‘பாயிது’ என்று தன் வாயால் சொன்ன பிள்ளை ‘துள்ளுகிறது’ என்பதைக் கேட்கும்போது, அந்தச் சொல்லின் பொருள் ஏற்கெனவே அதன் கையில் இருக்கிறது. விளக்கம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

இங்கே நடந்தது நான்கு சிறு காரியங்கள்: கேட்டோம், வந்த விடையை ஏற்றுக்கொண்டோம், அதோடு ஒன்றிரண்டு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொன்னோம், பிள்ளை அதை மீண்டும் சொல்ல இடம் கொடுத்தோம். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய உடனாய்வாளர்களும் பெற்றோரை இப்படி வாசிக்கப் பழக்கி, ஒரு மாதத்துக்குள்ளேயே பிள்ளைகளின் பேச்சு வளர்ந்ததை 1988 இல் வெளியிட்டார்கள். நம் அம்மம்மாமார் கதை சொல்லும்போது இடையிடையே ‘மறுகா என்ன நடந்திருக்கும் சொல்லு?’ என்று கேட்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கேள்வியை அளவோடு வையுங்கள். ‘இது என்ன நிறம்? எத்தனை கால்?’ என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் அது சோதனையாகிவிடும். ஒரு புத்தகத்துக்கு மூன்று நல்ல கேள்வி போதும். ‘ஓம்’, ‘இல்லை’ என்று முடித்துவிட முடியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. அதே புத்தகத்தை ஏழாவது முறையும் வாசிக்கச் சொல்லிப் பிள்ளை அடம்பிடித்தால் சலிக்காமல் வாசியுங்கள். சலிப்பு நமக்குத்தான், பிள்ளை அப்போது வாக்கியங்களை முழுமையாகச் சேமித்துக்கொண்டிருக்கிறது.

இந்த விடயத்தில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். என் மூத்த மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, முயல் கதை ஒன்றை அவள் மிகவும் விரும்புவதைக் கண்டு, இதை வைத்தே எழுத்தையும் படிப்பித்துவிடலாம் என்று எண்ணி, ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து ‘இது என்ன எழுத்து?’ என்று கேட்கத் தொடங்கினேன். நான்காம் நாள் புத்தகத்தைக் காணவில்லை. ஒரு கிழமை கழித்துச் சமையலறையில் அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்தது. அவள் அதைத் தொலைக்கவில்லை, ஒளித்துவைத்திருந்தாள். அன்றிலிருந்து கதை நடந்துகொண்டிருக்கும்போது எழுத்தைக் கேட்பதில்லை. கதை முடிந்த பிறகு, அவளாக விரும்பினால், ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

காதிலிருந்து கண்ணுக்கு

பல முறை கேட்ட புத்தகத்தைப் பிள்ளை ஒருநாள் தானே திறந்து, பக்கம் பிசகாமல் ‘வாசிக்கும்’. எழுத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து சொல்கிறது என்று தெரிந்தாலும் அதைத் திருத்த வேண்டாம். வாசிப்புக்குப் போகும் வழியில் எல்லாப் பிள்ளைகளும் நிற்கும் தரிப்பிடம் அது. அந்த நிலை வந்ததும் நீங்கள் வாசிக்கும்போது சொல்லுக்குக் கீழே விரலை மெதுவாக நகர்த்தத் தொடங்குங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் விரல் ஒரு கணம் நிற்கட்டும்.

மதரசாவில் குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளை வலமிருந்து இடமாக எழுத்தைப் பின்தொடரப் பழகியிருக்கும். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஏறாவூரிலும் ஒரே வயதில் இரண்டு திசைகளையும் பழகும் பிள்ளைகள் ஏராளம். இதனால் தீங்கு எதுவும் இல்லை; தமிழ்ப் புத்தகம் எந்தப் பக்கத்தால் திறக்கும், வரி எங்கே தொடங்கும் என்பதை ஒவ்வொரு முறையும் விரலால் காட்டிவிட்டுத் தொடங்கினால் போதும்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகளையும் அட்டவணையாகப் படித்து முடித்த பிறகுதான் வாசிப்பு என்று எண்ணுவோர் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளை விரும்பும் ஒரு புத்தகத்தில் அத்தனையும் வருவதில்லை. வருகிறவற்றிலிருந்து தொடங்குங்கள். ‘ப’, ‘ம’, ‘ட’ போன்ற எளிய வடிவங்களால் ஆன ‘படம்’, ‘பட்டம்’ ஆகியவை முதலில் பிடிபடும். உகரம் ஏறிய எழுத்துகளை (கு, டு, து, மு, ளு) சொற்களில் வைத்தே காட்டுங்கள். அவை ஒன்றுபோல் ஒன்று அமையாததால் விதியாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பெரும்பாலான பிள்ளைகள் இடறும் இடம் கொம்பு. நாம் பார்த்த ‘கொக்கு’ என்ற சொல்லையே எடுங்கள். காதில் முதலில் விழுவது ககரம். கண்ணில் முதலில் படுவதோ கொம்பு. அதற்குப் பிறகு ‘க’, அதற்கும் பிறகு அரவு (ா). அந்த அரவு பார்வைக்கு ‘ர’ போலவே இருப்பதால் பிள்ளை ‘கெ… ர… க்கு’ என்று வாசித்துவிட்டு, தானே விளங்காமல் நம் முகத்தைப் பார்க்கும். இதற்கு நான் கண்ட வழி ஒரு மட்டைத் துண்டு. தபால் அட்டை அளவிலான மட்டையில் ‘கொ’ முழுவதும் தெரியும்படி ஒரு சிறு யன்னல் வெட்டி, அதைச் சொல்லின் மீது வைத்து, மூன்று வடிவமும் சேர்ந்து ஒரே ஒலி என்பதைக் காட்டுங்கள். அதே கிழமையில் ‘கொடி’, ‘கொய்யா’, ‘கொப்பி’ என்ற சொற்கள் கண்ணில் படும்போதெல்லாம் அந்த யன்னலை வைத்துப் பார்க்கட்டும். ‘கே’, ‘கை’, ‘கோ’ ஆகியவற்றை ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டாமல், ஒன்று உறுதியான பிறகு மற்றதை எடுங்கள்.

‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் ‘ர’, ‘ற’ இரண்டையும் ஒலியை வைத்துப் பிரிக்கச் சொல்வது பயன் தராது. நம்மில் பலர் நாவில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘மழை’ படம் ஒரு பக்கம், ‘மலை’ படம் ஒரு பக்கம் என்று கண்ணால் பிரிக்கட்டும். வீட்டில் ‘காத்து’ என்று சொல்லும் பிள்ளை புத்தகத்தில் ‘காற்று’ என்பதைக் கண்டு தயங்கினால், பட்டம் பறக்கும் படத்தைக் காட்டி இரண்டும் ஒன்றே என்று ஒரு முறை சொல்லிவிட்டு நகருங்கள்.

படத்தைப் பார்த்து ஊகிப்பது குற்றமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. தொடக்கத்தில் இல்லை. ‘குட்டி’ என்று இருக்கும் இடத்தில் ‘முயல்’ என்று வாசித்தால், ‘முதல் எழுத்தைப் பார்’ என்று மட்டும் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குப் பிறகும் ஊகம் தொடர்ந்தால், அந்த வாக்கியத்தை ஒரு தாள் துண்டில் பெரிதாக எழுதி, படம் இல்லாமல் வாசிக்கச் செய்யுங்கள். எந்த எழுத்து இன்னும் பிடிபடவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

யார் வாசிப்பது

தாய்தான் வாசிக்க வேண்டும் என்று எந்த நியதியும் இல்லை. இரவில் வாவிக்குத் தொழிலுக்குப் போகும் தந்தை பகலில் வாசிக்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமாரும், பெத்தாவோ மூத்தம்மாவோ, படத்தை வைத்துக் கதை சொல்லலாம். எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் அவர்களுக்கென்றே அமைந்தவை போல இருக்கும். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்யும் வீடுகள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் பல. அத்தகைய வீட்டில் புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பி, அவர் வாசித்து வாட்ஸ்அப்பில் குரலாகத் திருப்பி அனுப்பினால், பிள்ளை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாயின் குரலுக்குப் பக்கம் புரட்ட முடியும். பக்கத்துக்கு ஒரு குரல் பதிவு என்று அனுப்புவது நல்லது. ஒரே நீண்ட பதிவானால் பிள்ளை பக்கத்தைத் தவறவிட்டுவிடும்.

வீட்டில் செய்யும் புத்தகம்

வாங்கும் புத்தகம் எதுவும் உங்கள் வாசலைக் காட்டாது. ஆகவே ஒன்றையாவது நீங்களே செய்யுங்கள். மூன்று ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பில் தடித்த நூலால் தைத்தால் 12 பக்கம் வரும். வெளித்தாள் அட்டையாகிவிட உள்ளே எட்டுப் பக்கம் மிஞ்சும். படம் வரைவதைப் பிள்ளையிடம் விடுங்கள், அல்லது பழைய கலண்டரிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் வெட்டி ஒட்டுங்கள். எழுத்தை நீங்கள் எழுதுங்கள், பெரிதாக, கறுப்பில், சொற்களுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விட்டு.

என் வீட்டில் செய்த ஒன்றின் எட்டுப் பக்கங்களும் இவை: ‘வாவியில் தோணி.’ ‘தோணியில் வலை.’ ‘வலையில் மீன்.’ ‘கூடையில் மீன்.’ ‘கடையில் மீன்.’ ‘சட்டியில் மீன்.’ ‘கோப்பையில் மீன்.’ ‘மீன் எங்கே?’ கடைசிப் பக்கத்தில் உதட்டை நக்கும் பூனையின் படம். ‘மீன்’ என்ற சொல்லும் ‘யில்’ என்ற முடிவும் விடாமல் திரும்பி வருவதால் ஐந்தாம் பக்கத்துக்கு வருவதற்குள் பிள்ளை வாயைத் திறந்துவிடும். கேள்வியை எழுத்து கேட்க, விடையைப் படம் சொல்வதால், எட்டாம் பக்கத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. வாவிக்கு மேற்கே, வயல்கள் நிறைந்த படுவான்கரையில் இருப்பவர்கள் இதையே வயல், வைக்கோல், மாட்டுப்பட்டி, தயிர்ச்சட்டி என்று மாற்றிக்கொள்ளலாம்.

புத்தகம் கிடைக்கும் இடங்கள்

பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை நூலகங்களில் சிறுவர் பகுதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் பிள்ளையின் பெயரிலேயே அங்கத்துவம் எடுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதமாகையால் நூலகங்கள் அப்போது சற்றுக் கலகலப்பாக இருக்கும். 2005 முதல் இலங்கையில் இயங்கும் ரூம் டு ரீட் நிறுவனம் தமிழிலும் சிறுவர் படப் புத்தகங்களை வெளியிட்டு வந்திருக்கிறது. நம் சூழலுக்கு அவை அந்நியமாக இருப்பதில்லை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் ஏராளம் இலவசமாக இருக்கின்றன. வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள், முதலாம் நிலையிலிருந்து தொடங்குங்கள். பொது உரிமத்தில் உள்ளவற்றைத் தரவிறக்கி, போட்டோகொப்பிக் கடையில் நிறத்தில் அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம். திரையில் வாசிப்பதைவிட இதையே நான் விரும்புவேன். திரையில் பிள்ளையின் விரல் சொல்லைத் தொட்டால் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் தாள் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூக்கும். சுவரோடு ஒட்டாமல், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு கூடையில் வையுங்கள்; வெயில் எறிக்கும் நாளில் திறந்து காயவிடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், அதற்காகப் புத்தகத்தை அலுமாரியில் பூட்டிவிட வேண்டாம்.

பிள்ளை ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கத் தொடங்கியதும் நீங்கள் வாசிப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஒரு பக்கம் பிள்ளை, அடுத்த பக்கம் நீங்கள் என்று மாறி மாறி வாசியுங்கள். நீண்ட வாக்கியம் உள்ள பக்கம் உங்கள் பங்குக்கு வரும்படி தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.